போடாதே என்று சொன்ன பந்து

டப், அது பெரியவள். சரக், அது சின்னவள். டப், சரக், டப், டப், இல்லை, கடைசியாக வந்த டப் சின்னவளுடையதுதான், எட்டாத பந்தை எட்டி அடித்திருக்கிறாள், அவசரப்பட்டால் மட்டும் அவளுடைய அடிக்கு அக்காவின் சத்தம் வந்துவிடும் என்று ஜெசிந்தா நினைத்து முடிப்பதற்குள் பந்து வலையின் மேல்பட்டையில் டொக்கென்று இடித்து விழுந்தது. பின்னாலேயே அம்பயரின் தூக்கம் கலையாத குரல், கேம் ஷெரின். மூன்றாவது செட் ஆரம்பித்து முதல் கேம் பெரியவளுக்கு. இதில் ஒன்றையும் ஜெசிந்தா கண்ணால் பார்க்கவில்லை. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியின் செம்மண் கோர்ட்டைச் சுற்றிக் கட்டியிருந்த பச்சைத் துணிக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டியின் சிமெண்டுப் படியில், பதினோரு மணி வெயிலுக்குப் புடவைத் தலைப்பை முக்காடு போட்டுக்கொண்டு காதை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே நடப்பது உலகத் தரவரிசைக்குப் புள்ளி தருகிற டென்னிஸ் போட்டிகளிலேயே ஆகக் கடைசிப் படியில் இருக்கிற போட்டி. அதன் கால் இறுதி. ஆடுகிற இரண்டு பேரும் அவள் பெற்ற பெண்கள். முதல் செட் பெரியவள் ஷெரினுக்கு, இரண்டாவது சின்னவள் ஜோவிட்டாவுக்கு. அக்காவும் தங்கையும் மோதுகிற நாளில் அம்மா உள்ளே வரக்கூடாது என்பது பெண்கள் போட்ட சட்டம். பதினாறு வயதில் ஷெரின்தான் முதலில் சொன்னாள், "நீ உக்காந்திருக்கற பக்கம் திரும்பினாலே போதும்மா, யாரு எங்க தப்பு பண்றாங்கன்னு உன் மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கு, அதப் பாத்து அவ திருத்திக்கறா" என்று. சின்னவளும் அதையே திருப்பிச் சொன்னாள். சரி, இரண்டு பேருக்கும் பொதுவாக வெளியிலேயே இருந்துவிடுகிறேன் என்று ஜெசிந்தா ஒப்புக்கொண்டு பத்து வருஷம் ஆகிறது. தெற்கு ரயில்வேக்காகப் பதினோரு வருஷம் ஆடியவள், காதால் பார்க்கத் தெரியாதா என்ன? பாதம் திரும்புவது, மூச்சு வாங்குவது, சர்வீசுக்கு முன்னால் பெரியவள் பந்தை நான்கு முறை தட்டுவது, சின்னவள் இரண்டே முறை தட்டுவது எல்லாம் துணியைத் தாண்டி வந்துவிடும். ஆனால் இன்றைக்கு அவள் காது தேடிக்கொண்டிருந்தது வேறு ஒரு சத்தத்தை. ஒன்றரை மணி நேரமாகத் தேடுகிறது. அது வரவில்லை. வராததற்குக் காரணம் தான்தான் என்பது அவளுக்குத் தெரியும், அது நெஞ்சுக்குழியில் இட்லி மாதிரி அடைத்துக்கொண்டு நின்றது.

இட்லி சாப்பிட்ட நேரத்தில்தான் அந்த வார்த்தை வாயிலிருந்து விழுந்தது. லாட்ஜுக்கு எதிரே இருந்த மெஸ்ஸில் காலை ஏழரை மணி, ஷெரின் முட்டிக்கு டேப் சுற்றிக்கொள்ள மாடிக்குப் போயிருந்தாள், ஜெசிந்தாவின் கணவர் பெலிக்ஸ் காபிக்குச் சர்க்கரை கேட்டுக்கொண்டிருந்தார், ஜோவிட்டா இரண்டாவது இட்லியைப் பிய்த்துச் சாம்பாரில் போட்டாள். அப்போது ஜெசிந்தா அவள் பக்கம் குனிந்து, "இன்னைக்கு அந்த டிராப் மட்டும் வேணான்டி. அவ முட்டி தாங்காது" என்றாள். சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே ஒரு நிமிஷம் சந்தேகம். ஜோவிட்டா நிமிர்ந்து பார்க்கவில்லை, மிச்சத்தைச் சாப்பிட்டு இலையை மூடிவிட்டுக் கை கழுவப் போனாள். குழாயடியில் ரொம்ப நேரம் நின்றாள். மற்ற பிள்ளைகளுக்கு டிராப் என்பது கையில் இருக்கிற பத்து அடிகளில் ஒன்று. எதிராளி பின்னால் நிற்கும்போது வலையைத் தாண்டியதும் செத்து விழுகிற மாதிரி பந்தைத் தொட்டு வைப்பது, அவ்வளவுதான். ஜோவிட்டாவுக்கு அப்படி இல்லை. அவளுடைய ஆட்டமே அங்கேதான் பிறந்தது. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்பக்கம், இரண்டு ஆள் படுத்தால் முடிந்துவிடுகிற இடம், துணிக்கொடியில் ஜெசிந்தாவின் பழைய புடவையைத் தொங்கவிட்டால் அதுதான் வலை. ஷெரினுக்கு விடியற்காலையில் நிஜக் கோர்ட் இருந்தது. ஐந்து வயது குறைந்தவளுக்கு அக்கா திரும்பி வந்த பிறகு இந்தக் கொல்லைதான். கொஞ்சம் வேகமாக அடித்தால் சுவரைத் தாண்டிப் பந்து அடுத்த வீட்டுக்குப் போய்விடும், அடுத்த வீட்டு ஹெட் கிளார்க் போன பந்தைத் திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. ஆகவே சின்னது என்ன செய்தது, பந்தை மெதுவாக வைக்கக் கற்றுக்கொண்டது. யாரும் சொல்லித்தரவில்லை. ஜெசிந்தா கூடச் சொல்லித்தரவில்லை, அவளுக்கே அந்த அடி அத்தனை சுத்தமாக வராது. ஏழு வயதில் ஒரு நாள் புடவைக்கு இந்தப்பக்கம் பந்து எழும்பாமல் அப்படியே உட்கார்ந்ததைப் பார்த்து, கையில் இருந்த கரண்டியோடு ஜெசிந்தா வாசலில் நின்றுவிட்டாள். தன்னிடம் இல்லாத ஒன்று தன் வயிற்றிலிருந்து வந்திருக்கிறது என்று தெரிகிற நேரம் இருக்கிறதே, அதற்கு ஈடாக எதையும் அவள் அதற்கப்புறம் பார்த்ததில்லை. அந்தப் பந்தைத்தான் காலையில் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்.

பக்கத்துக் கோர்ட்டுக்கு ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த அம்மாள் தொட்டிப் பக்கம் வந்து குழாயைத் திருகி மூடினாள். காலையிலிருந்து பார்த்துச் சிரித்து அறிமுகம். பெயர் ராமாத்தாள், இந்த மைதானத்தில் மண் கூட்டித் தண்ணீர் விடுகிற வேலை. "உங்க புள்ளைங்களா உள்ள ஆடறது?" என்றாள். "ஆமாக்கா." "எதுங்க உங்க புள்ள, அந்த உசரமா இருக்கறதா, முடிய வெட்டி உட்டதா?" "ரெண்டும்தாங்க்கா." ராமாத்தாள் பைப்பைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "அட சாமி! அப்ப யாரு ஜெயிச்சாலும் உங்களுக்குச் சந்தோசந்தானுங்க" என்றாள். எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள். ரயில்வே ஆபீசில் சொல்கிறார்கள், மாதா கோயிலில் பூசை முடிந்து சாமியார் சொல்கிறார், ஒருமுறை பேப்பர்காரன் படத்துக்கு மேலேயே அப்படிப் போட்டான். யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், யார் தோற்றாலும் உனக்கு எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறார்களா? ஜெசிந்தா சிரித்து வைத்தாள். டப், சரக், டப். ராமாத்தாள் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு போனாள், ஈரம் பட்ட செம்மண்ணின் வாசனை எழுந்து வந்தது. அந்த வாசனையில்தான் ஜெசிந்தாவின் பாதி ஆயுசு இருக்கிறது. அவள் அப்பா சவரிமுத்து திருச்சியில் ஒரு கிளப்பில் மார்க்கர்; மெம்பர்கள் வந்தால் அவர்களுக்குச் சமமாக எதிரே நின்று ஆடவேண்டும், ஆட்டம் முடிந்ததும் பந்து பொறுக்கவேண்டும், கோர்ட்டுக்குச் சுண்ணாம்புக் கோடு போடவேண்டும். ஊரிலேயே நன்றாக ஆடுகிற மனுஷன், முன்வாசல் வழியாக ஒரு நாளும் உள்ளே போனதில்லை. கேம் ஜோவிட்டா, ஒன்றுக்கு ஒன்று. இந்தக் கேமிலும் டிராப் இல்லை. நாற்பதுக்கு முப்பதில் ஷெரின் பின்கோட்டுக்கும் பின்னால் தள்ளப்பட்டாள், அவள் மூச்சு தூரத்திலிருந்து கேட்டது, எப்போதும் அங்கேதான் ஜோவிட்டா போடுவாள், கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், அங்கே அந்தப் பெண் தூக்கி ஓங்கி அடித்தாள். அடித்து ஜெயித்தும்விட்டாள். புள்ளி வந்ததற்கு ஜெசிந்தாவுக்கு வெட்கமாக இருந்தது.

முட்டி, முட்டி, அந்தப் பாழாய்ப்போன முட்டி. பதினாலு மாசத்துக்கு முன்னால் ரயில்வே கோர்ட்டில் பயிற்சிதான், போட்டி கூட இல்லை, ஜோவிட்டா ஒரு டிராப் வைத்தாள், ஷெரின் பாய்ந்து வந்தாள், வந்து பந்தையும் எடுத்தாள், எடுத்த பிறகு நின்ற இடத்தில் கால் ஒரு பக்கம் போக உடம்பு ஒரு பக்கம் போயிற்று. ஜெசிந்தா அப்போது கோர்ட்டுக்கு உள்ளேதான் இருந்தாள். அந்தச் சத்தத்தை எழுத வராது. தேங்காய் நார் உரிக்கிற சத்தம் என்று பெலிக்ஸிடம் சொன்னாள், சொன்ன பிறகு ஒரு மாசம் தேங்காய் வாங்கவில்லை. அறுத்துத் தைத்தார்கள். ஷெரின் கட்டிலில் கிடந்தாள், அழவில்லை, அழுதது சின்னவள். ராக்கெட்டைப் பையோடு பரணில் தூக்கிப் போட்டுவிட்டாள், கல்லூரிக்குப் போகிறேன் என்றாள், பந்து என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து போனாள். அவளைத் திரும்பக் கூட்டி வந்தது யார் என்று நினைக்கிறீர்கள், அம்மாவா, கோச்சா? இரண்டு அக்குளிலும் கட்டை வைத்துக்கொண்டு ஷெரின்தான் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள், கோர்ட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வலைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்துகொண்டாள், கையில் ஒரு ராக்கெட். "எங்கிட்ட வந்து விழற மாதிரி வை பாப்போம்" என்றாள். உட்கார்ந்தபடியே அவள் எட்டி எட்டித் தட்ட, அழுதுகொண்டே சின்னவள் வைக்க, ஒரு நாள், இரண்டு நாள், நாற்பது நாள். அந்தக் காட்சியை நினைத்தால் ஜெசிந்தாவுக்கு இப்போதும் மார்பு விம்மிப்போகிறது. துருக்கியிலும் துனிசியாவிலும் இரண்டு பேரும் ஒரே அறையில் தங்கி, பெட்டியில் ஒரு சின்னக் கரண்ட் குக்கரை வைத்துக்கொண்டு, ஒருத்தி சாதம் வைத்தால் மற்றவள் பாத்திரம் கழுவி, எதிர் எதிராக ஆடவேண்டிய நாளிலும் அந்த முறை மாறாமல் ஊர் ஊராகச் சுற்றிய பிள்ளைகள். தான் பெற்றதா இவை, தனக்கு எங்கே இந்தப் பெருந்தன்மை என்று அவள் பல நாள் யோசித்திருக்கிறாள். நாலு மணிக்கு எழுப்பிவிட்டதும், சைக்கிளில் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் ஏற்றிக்கொண்டு போனதும், ரோமம் கழன்ற பந்துகளைப் பொறுக்கிச் சேர்த்ததும் தான் செய்தவை, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி அவள் சொல்லிக்கொடுத்தது இல்லை.

மூன்றுக்கு இரண்டு, ஷெரின் முன்னால். இடம் மாறுகிற நேரம். துணியை விலக்கிக்கொண்டு பெலிக்ஸ் வெளியே வந்தார், கையில் இரண்டு பேப்பர் கப்பில் டீ. அவர் உள்ளே உட்காரலாம், பெண்கள் அனுமதித்திருக்கிறார்கள், அவர் முகத்திலிருந்து யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. ஒர்க்‌ஷாப்பில் லேத் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன், இருபது வருஷமாகப் பெண்கள் ஆட்டத்தைப் பார்த்தும் நாற்பதுக்கு அப்புறம் ஏன் ஐம்பது வருவதில்லை என்று கேட்கிறவர். டீயைக் கொடுத்துவிட்டு நின்றார். "பெரியவளுக்குக் கால் எப்பிடிங்க?" என்றாள் ஜெசிந்தா. "அவ நல்லாத்தான் ஓடறா. சின்னவதான் ஒரு மாதிரியா வெளையாடறா." "ஒரு மாதிரின்னா?" "எனக்கென்ன தெரியும். கையக் கட்டிப்போட்டு வெளையாடற மாதிரி இருக்கு. ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" டீ உதட்டில் சுட்டது. இவருக்கே தெரிந்துவிட்டது. ட்யூஸ் என்றால் என்னவென்று தெரியாத மனுஷனுக்கே தெரிகிறது என்றால், எதிரே நிற்கிறவளுக்கு, ஆயிரம் தடவை, பத்தாயிரம் தடவை அந்தப் பந்துக்கு ஓடியவளுக்கு, எந்த இடத்தில் அது வரும் என்று தன் வீட்டு வாசப்படி மாதிரி தெரிந்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா? இருக்கலாம், ஆட்டத்தின் மும்முரத்தில் கவனிக்காமல் இருக்கலாம். ஜெயித்துக்கொண்டிருக்கிறவள் ஏன் கவனிக்கப் போகிறாள். ஜெயித்துக்கொண்டிருக்கிறவள்தான் முதலில் கவனிப்பாள். "ஏன் ஜெசி, மொகம் வெளுத்துப் போச்சு, வெயிலா?" என்றார் பெலிக்ஸ். "ஒண்ணுமில்ல, நீங்க போங்க, ஆட்டம் ஆரம்பிக்கப் போவுது" என்று அனுப்பிவைத்தாள். சொல்லியிருக்கலாம். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவரிடம் இதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

எழாது, ஏனென்றால் பின்னாலேயே அந்தப் பழைய கதையையும் சொல்லவேண்டியிருக்கும். எண்பத்தொன்பதாம் வருஷம், அவளுக்குப் பதினேழு வயது, அதே கிளப்பில் மாவட்டப் போட்டி, பெண்கள் இறுதி ஆட்டம். எதிரே கிளப் செகரட்டரியின் மகள் காதம்பரி, வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூ, நல்ல பெண், நன்றாகவே ஆடுவாள். முதல் நாள் சாயங்காலம் அப்பா கோர்ட்டில் குந்திச் சுண்ணாம்புக் கோட்டை இழுத்துக்கொண்டிருந்தார், ஜெசிந்தா கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள், கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் சொன்னார், "நாளைக்கு அந்தப் பாப்பாவுக்கு விட்டுருத்தா." செகரட்டரி கேட்கவில்லை, யாரும் கேட்கவில்லை, அப்பாவே ஒரு பயத்தில் சொன்னார், அவர்கள் குடியிருந்தது கிளப்புக்குப் பின்னால் இருந்த அறை. அவள் விட்டுக்கொடுத்தாள். மூன்றாவது செட்டில் நான்கு முறை சர்வீசை வேண்டுமென்றே வெளியே அடித்தாள், யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி ஒரு விரற்கடை வெளியே. கை தட்டினார்கள். வலைக்குப் பக்கத்தில் வந்தபோது காதம்பரி கையை நீட்டவில்லை. கண் நிறையத் தண்ணீர். "எனக்கு என்ன பிச்சையா போட்ட?" என்றாள், மெதுவாக, இவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. கப்பைத் தூக்கிக்கொண்டு போனவள் அதற்கப்புறம் ராக்கெட்டைத் தொட்டதாகக் கேள்வியில்லை. தோற்றது தனக்கு வலிக்கவில்லை என்று ஜெசிந்தா பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாள். வலித்தது அந்தக் கண் தண்ணீர். ஒரே ஆட்டத்தில் இரண்டு பேரிடமிருந்தும் திருடியாகிவிட்டது. தனக்குப் பிள்ளை பிறந்தால், அதன் கையில் ராக்கெட்டைக் கொடுத்தால், கடவுளே வந்து கேட்டாலும் ஒரு பந்தை விட்டுக்கொடு என்று சொல்ல மாட்டேன் என்று மாதா படத்துக்கு முன்னால் நின்று சொன்னவள் அவள். கடவுள் வரவில்லை. யாரும் வரவில்லை. அவளே இட்லிக்கு நடுவில் குனிந்து சொல்லிவிட்டாள். அப்பாவாவது குடியிருக்கிற இடத்துக்காகச் சொன்னார். நீ எதற்குச் சொன்னாய்? பயத்தில் சொன்னேன். அவரும் பயத்தில்தானே சொன்னார். அது வேறு பயம். என்ன வேறு? அந்த இடத்தில் வந்து யோசனை நின்றுவிடும், திரும்ப முட்டிக்குப் போகும், நார் உரிக்கிற சத்தத்துக்குப் போகும், அங்கிருந்து இட்லிக்கு வரும், செக்கு மாடு மாதிரி ஒரே தடத்தில் சுற்றும்.

நான்குக்கு மூன்று. எழுந்து உள்ளே போய்விடலாமா, போய் ஜோவிட்டா கண்ணில் படுகிற இடத்தில் நின்று தலையை ஆட்டினால் போதும், போடு என்று அவள் புரிந்துகொள்வாள். புரிந்துகொண்டு போடுவாள். அதை யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? ஷெரின். பத்து வருஷமாக உள்ளே வராத அம்மா வந்து தலையை ஆட்டினதும் தங்கை டிராப் போடுகிறாள் என்றால் அதுவரைக்கும் ஏன் போடவில்லை என்பதும் சேர்ந்து வெளிச்சமாகிவிடும். போகாவிட்டால்? போகாவிட்டால் ஷெரின் ஜெயித்து அரையிறுதிக்குப் போவாள், பதினாலு மாசத்துக்கு அப்புறம் முதல் அரையிறுதி, வியர்வையோடு ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொள்வாள், அந்த ஈரத்தைத் தோளில் வாங்கிக்கொண்டு இவள் நிற்கவேண்டும், தோற்றவள் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் வருவாள். சொல்லவே மாட்டாள், அந்த அழுத்தக்காரியைத் தெரியாதா. இன்னும் முப்பது வருஷம் சொல்லாமல் வைத்திருப்பாள், தான் வைத்திருந்த மாதிரியே. ஜெசிந்தா எழுந்தாள். துணியின் ஓரத்தைப் பிடித்தாள். பிடித்த கை அப்படியே நின்றது. உட்காரவும் முடியவில்லை, உள்ளே போகவும் முடியவில்லை. சரக், டப், சரக். பெருமூச்சு. கேம் ஜோவிட்டா, நான்குக்கு நான்கு. டிராப் இல்லாமலே இத்தனை தூரம் வந்துவிட்டாளே, ஒரு கையை அக்காவுக்கு விட்டுக்கொடுத்து மறு கையால் சமம் செய்துவிட்டாளே என்று ஒரு பக்கம் மலைப்பாகவும் இருந்தது, அந்த மலைப்பே அடுத்த நிமிஷம் குத்தவும் செய்தது.

ஷெரின் சர்வீஸ். நான்கு தட்டு. டப். போயிற்று, முதல் புள்ளி ஷெரினுக்கு, பதினைந்து. அடுத்தது ஜோவிட்டாவுக்கு. மூன்றாவது புள்ளிக்கான அடிகள் நீண்டுகொண்டே போயின, பத்து, பன்னிரண்டு, பதினைந்து, ஜெசிந்தாவின் விரல்கள் துணியோரத்தில் எண்ணிக்கொண்டிருந்தன, ஷெரினின் மூச்சு பின்னால் பின்னால் போயிற்று, துணிக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டாள், இரண்டடி தூரத்தில் அவள் ஷூ மண்ணை அரைக்கிறது, டப், அதற்கப்புறம் சத்தமே இல்லை. சத்தமே இல்லை என்பதுதான் அந்தச் சத்தம். பந்து ராக்கெட் நரம்பில் பட்டதா என்று சந்தேகப்படுகிற அளவுக்கு ஒரு தொடல், அப்புறம் மண்ணில் மெத்தென்று ஒன்று, அதற்குப் பக்கத்திலேயே மெத்தென்று இன்னொன்று. ஷெரின் ஓடவில்லை. ஒரு அடி கூட எடுத்துவைக்கவில்லை. மாதாவே, முட்டி. கூட்டம் என்று சொல்ல உள்ளே முப்பது பேர், அவர்களும் மூச்சு விடவில்லை. அப்போது துணிக்கு அந்தப்பக்கத்திலிருந்து, ஜெசிந்தாவின் காதுக்குள் பேசுகிற மாதிரி அத்தனை பக்கத்தில், ஷெரினின் குரல் எழுந்தது: "ஏன்டி, இவ்வளவு நேரமா இத எங்கடி வச்சிருந்த?" எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் வந்தது. இருபத்தொரு வயதுப் பெண், எட்டு நாட்டில் ஆடியவள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி சொன்னாள், "அம்மா வேணான்னுச்சு." யாரோ சிரித்தார்கள். ஜெசிந்தாவுக்குக் காது மடல் எரிந்தது. "வெளையாடறது நீயா, அம்மாவா? முதல் செட்லருந்து பாக்கறேன், இப்ப வரும் இப்ப வரும்னு ஓடறதுக்குக் கால வச்சிட்டே நிக்கறேன், வரவே மாட்டேங்குது. என்னை என்னன்னு நெனச்சீங்க ரெண்டு பேரும்?" கோபமாகத்தான் சொன்னாள். "அதுக்குத்தான்டி கட்டைய விட்ட நாள்லருந்து ஓடிப் பழகினேன். போடு. என் முட்டி, நான் பாத்துக்கறேன்." அம்பயர் முழுசாக விழித்துக்கொண்டு, ஆட்டக்காரர்கள் பேசாமல் ஆடவேண்டும் என்று இங்கிலீஷில் சொன்னார். ஃபிஃப்டீன், தர்ட்டி.

நான்கு தட்டு. ஜெசிந்தா நான்கையும் எண்ணினாள். டப், சரக், டப், சரக், இது ஐந்தாவது, இது ஆறாவது, ஷெரின் மறுபடியும் துணியோரத்துக்கு வந்துவிட்டாள், மறுபடியும் அந்தச் சத்தமில்லாத சத்தம். இப்போது ஓடுகிறாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, கனத்த அடிகள், அவள் பெற்ற பெண்ணின் முழுக் கனமும் அந்தத் தைத்த முட்டியின் மேல் இறங்கி இறங்கி எழுகிறது, ஜெசிந்தாவின் வலது கை தானாக ராக்கெட் பிடிக்கிற மாதிரி மடங்கிக்கொண்டது, வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, எடுத்துவிடு, எட்டிவிடு என்றுதான் வந்தது, அதே மூச்சில் என்ன பந்து வைத்திருக்கிறாள் பாவி, யாராலும் எடுக்க முடியாது என்றும் வந்தது, இரண்டும் ஒரே வாயில், அப்போது செம்மண்ணில் ஷூ வழுக்கிக்கொண்டு போகிற நீளமான சர்ர்ர். அதற்குப் பின்னால் ஒரு இடைவெளி. நார் உரிகிற சத்தம் அந்த இடைவெளியில் வரவேண்டும். வரவில்லை. டப். எடுத்துவிட்டாள்! சரக், ஜோவிட்டா தலைக்கு மேல் தூக்கிவிட்டாள், ஷெரின் திரும்பிப் பின்னால் ஓடுகிறாள், டப், சரக், டப், முப்பது பேரும் கத்துகிறார்கள், பெலிக்ஸின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே, யாருக்காகக் கத்துகிறோம் என்று அவருக்கே தெரியாது, புள்ளி யாருக்கு என்று அம்பயர் சொன்னது அந்தச் சத்தத்தில் அமுங்கிப் போயிற்று. உள்ளே இரண்டு பெண்களும் மூச்சு வாங்கிக்கொண்டே சிரிப்பது மட்டும் கேட்டது. ஜெசிந்தா துணியோரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஹோஸ் பைப்பை விட்டுவிட்டு ராமாத்தாள் ஓடி வந்தாள். "ஏனுங்கம்மா, எதுக்குங்க இப்படி அழுவறீங்க? தோத்துப்போச்சுங்களா?"

"இல்லக்கா" என்றாள் ஜெசிந்தா. "இப்பத்தான் ரெண்டும் வெளையாடுதுங்க."